ஒன்பதால் வகுபடும், மாமா

இயேசு மரி சூசை

அகரம்

மரியாதைக்குரிய பாத்திமா அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் ஐரின் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நத்தத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் ஸ்டீபன்ராஜ். அவருடைய அப்பா பிராங்கிளின் மாமா மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். "கேட்டா மட்டும் பேசு" என்று அம்மா சொல்லியிருந்தாள். மாமா கேட்டுவிட்டார் அத்தை!

"கணக்குல பட்டம் வாங்குன புள்ளையாமே! இது எப்பேர்ப்பட்ட நம்பருன்னு சொல்லு தாயி" என்று தன் செல்போன் எண் போட்ட அட்டையை நீட்டினார். பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஒவ்வொரு இலக்கமும் ஒரே ஒரு தடவை வருகிறது. மண்டிப் பலகையிலும் வேனிலும் வீட்டு கேட்டிலும் அதையே எழுதியிருக்கிறாராம்.

"எதால வகுத்தாலும் மீதி நிக்கும். ஒரு பய பிரிக்க முடியாது, எங்க குடும்பம் மாதிரி" என்றார்.

தலையை ஆட்டியிருக்கலாம். என் வாய் என்னைக் கேட்காமலே, "ஒன்பதால வகுபடும் மாமா" என்றது.

மாமா போனில் வகுத்தார். மீதியே இல்லை. கையில் எடுத்த வடை அப்படியே நின்றது. சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு நான், உங்கள் எண் மட்டுமில்லை மாமா, இந்தப் பத்து இலக்கத்தையும் எப்படிக் கலைத்துப் போட்டாலும் கூட்டுத்தொகை நாற்பத்தைந்துதான், அது ஒன்பதால் வகுபடுவதால் எண்ணும் வகுபடும் என்று விளக்க, அவர் சம்சாரம் ஜோஸ்பின் அம்மா கலைத்துப் போட்டு வகுத்துவிட்டு, "ஆத்தி, இதுவும் போகுதுங்க!" என்று கத்த, எங்கள் அப்பா எனக்குக் கண்ணைக் காட்ட, அந்த அம்மா விடாமல், "ஏத்தா, மூணாலயும் போகுமோ?" என்று கேட்டார்கள். ஒன்பதால் போனால் மூன்றாலும் போகும்தானே, தலையாட்டினேன். அத்தை, அவர்களுக்கு மூன்று பையன்கள், மூன்று பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்! மாமா மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

"படிக்க வச்சதுதேன் தப்பு. எம்.எஸ்ஸியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது" என்கிறார் அப்பா. வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரியில் சேராவிட்டால் எம்.எஸ்ஸியில் எனக்குக் கிடைத்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். அப்பா உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பார். உடனே பழனியில் பஸ் ஏறி வாருங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. எனக்காக ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லுங்கள், வாய்க்குள்ளேயே.

அன்புடன்
ஐரின்

பி.கு.: பஸ் ஏற வேண்டாம் அத்தை. கவரை ஒட்டும்போது ஸ்டீபன்ராஜ் எங்கள் அப்பாவுக்குப் போன் செய்து என்னிடம் கொடுக்கச் சொன்னார். "எங்கப்பா நம்பரு ஒம்பதால போகும்னு பத்தாவதுலயே எனக்குத் தெரியும்ங்க. சொல்ல இம்புட்டு வருசமா தைரியம் வரல. நீங்க எம்.எஸ்ஸி முடிங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அப்பாவும் கல்லூரிக்குப் போகச் சொல்லிவிட்டார். ஸ்டீபன்ராஜின் எண்ணைத் தொண்ணூற்றேழு வரை வகுத்துப் பார்த்தேன், எதாலும் வகுபடவில்லை, பகா எண்ணாகவே இருக்கலாம். கிட்டத்தட்ட ஒரு லட்சம் வரை பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.