அம்மாவைத் தோற்கடிக்கும்படி ஆர்ரின் மாமாவுக்கு விண்ணப்பம்

அன்பும் மரியாதையும் மிக்க ஆர்ரின் மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் தில்டா எழுதிக்கொள்வது. இங்கே நான் ஓரளவு நலம். அம்மா அளவுக்கு மீறிய நலம். அப்பா லாரியோடு டென்வர் பக்கம் எங்கேயோ நலம். அங்கே நீங்களும் மார்லிஸ் அத்தையும் நலமா? விதைச்சோள வியாபாரம் நலமா? முக்கியமாக, உங்கள் கட்சி நலமா? அது மிகுந்த பலத்தோடு இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போர்வைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்து இப்படி இருக்கிறது, மன்னிக்கவும்.

மாமா, வருகிற செவ்வாய்க்கிழமை நாடாளுமன்றத் தேர்தலில் அம்மா தோற்றாகவேண்டும். அம்மாவை எதிர்க்கிற கட்சிக்கு இந்த மாவட்டத் தலைவர் நீங்கள்தான் என்பதால் உங்களைத் தவிர நான் யாரிடம் போய்க் கேட்பேன்? ஆனால் இந்தத் தடவை நீங்கள் ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டவில்லையாம். "நாலாவது தொகுதியா? அங்க நம்ம டெட்மர் தூங்கினாலும் ஜெயிப்பாரு" என்று தானியக் கிடங்கில் சொன்னீர்களாம். நம் மாநிலத்தில் மற்ற மூன்று தொகுதிகளிலும் ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்கிறார்கள், இங்கே மட்டும் நீங்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். தயவுசெய்து எழுந்திருங்கள்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று அம்மாவோடு நீங்கள் பேசாததால் உங்களுக்குத் தெரியாது. மார்ச்சில் சர்ச் அடித்தளத்தில் அம்மா கட்சியின் கூட்டம். வந்தவர்கள் ஒன்பது பேர். வாக்குச்சீட்டில் உங்கள் கட்சி வேட்பாளர் டெட்மர் ஐயாவுக்கு எதிரே இந்தத் தடவையும் வெற்றிடமாக விட்டால் அசிங்கம், யாராவது பேர் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் ஷூவைப் பார்த்தார்களாம். அம்மா காபி எடுக்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்தால் எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். நம் ஊரில் யாராவது முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வார்களா? "வேற யாருமே இல்லைன்னா பாக்கலாம்" என்றாள். அதற்கு நம் ஊரில் முடியாது என்றுதான் அர்த்தம், உங்களுக்கும் தெரியும். ஆனால் அன்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பையன் வெளிமாநிலத்துக்காரன். எழுதிக்கொண்டு போய்விட்டான்.

பேர் மட்டும் போதும், நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அம்மாவைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, ஒரு வேலையை அரைகுறையாக விடமாட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டி முடித்ததும் அதே சீருடையோடு வீடு வீடாகப் போனாள். துண்டறிக்கை அச்சடித்தாள். அதில் எங்கள் வீட்டு ஃபோன் நம்பரையும் போட்டாள். "ஏம்மா?" என்று கேட்டேன். "ஏதாவது கேக்கணும்னா அவங்க எப்படிக் கேப்பாங்க?" என்றாள். அப்புறம் விவாதக் கூட்டத்துக்கு டெட்மர் ஐயா வராமல் போக, அம்மா வெற்று நாற்காலியோடு விவாதம் செய்தாள். "பிரசவ வார்டை மூடிட்டாங்களே, எழுபது மைல் தள்ளிப் போய்ப் பெத்துக்கணுமே, உங்க பதில் என்ன?" என்று கேட்டுவிட்டு, நாற்காலி பதில் சொல்ல மரியாதையாக நேரமும் கொடுத்தாள். ஆப்பிள் பை பலகாரம் தின்ன வந்த கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. யாரோ அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஃபோன் அடிக்கிறது மாமா.

பள்ளி விட்டதும் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன், அம்மா மீதிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருவாள். அந்த இடைவெளியில் வரும் ஃபோனையெல்லாம் நான்தான் எடுக்கிறேன். சிலர் மூச்சு மட்டும் விடுகிறார்கள். ஒரு தாத்தா, "உங்கம்மாவ இந்த மாவட்டத்த விட்டே துரத்துவோம்டி!" என்று கத்திவிட்டு, கொஞ்சம் இருமி, "சரி, நாளைக்குப் பஸ்சு எத்தன மணிக்கு? என் பேரனுக்குப் பல்லு பிடுங்கணும்" என்றார். "ஏழு பத்துக்குத் தாத்தா" என்றேன். "தேங்ஸ்டா கண்ணு" என்று வைத்தார். இவர்களைச் சமாளிக்கலாம். ஆனால் ஒருவன் கத்துவதே இல்லை. அவன் மெதுவாகப் பேசுகிறான். "நீ அந்தப் பச்ச கோட்டுப் பொண்ணுதானே? சரளைக்கல் ரோட்டு முனையில எறங்கித் தனியா நடந்து போவியே?" என்றான். நான் வைத்துவிட்டேன். அன்றிலிருந்து கோட்டு போடுவதில்லை. குளிர்கிறது.

அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னாலும் நம்பமாட்டாள். தபால் பெட்டியில் செத்த ரக்கூன் கிடந்தபோது, "பாவம், குளிருக்கு ஒதுங்கியிருக்கு" என்றாள். "பெட்டிக் கதவு வெளியிலிருந்து மூடியிருந்ததேம்மா" என்றேன். "நல்ல பழக்கமுள்ள ரக்கூன்" என்றாள்.

யோசித்துப் பாருங்கள், அவள் ஜெயித்துவிட்டால் இது இரண்டு வருஷம் நடக்கும், அதுவும் அவள் வாஷிங்டனில், நான் இங்கே ஃபோனோடு. தோற்றால் புதன்கிழமையே அது அடிப்பது நின்றுவிடும். அதனால் உங்கள் ஆட்களை எழுப்புங்கள். வண்டி இல்லாத கிழவர்களை வாக்குச்சாவடிக்குக் கூட்டிப் போங்கள். ஆகஸ்ட் கண்காட்சியில் அம்மாவைப் பார்த்ததும் பன்றிக் கொட்டகைப் பக்கம் திரும்பிப் போனீர்களே, அந்தக் கோபத்தில் பாதி இருந்தாலே போதும்.

மார்லிஸ் அத்தைக்கு என் முத்தங்கள். உங்கள் நாய்க்கு முதுகில் ஒரு தட்டு. டெட்மர் ஐயாவுக்குக் கர்த்தர் அமோக வெற்றியைத் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்
தில்டா வோஸ்பெர்க்

பின்குறிப்பு: விடிந்துவிட்டது மாமா. முட்டை எடுக்கப் போனேன், கோழிக் கூண்டுக்குள் அம்மாவின் குரல். "வணக்கம் டெட்மர் சார், ஜோலீன் பேசறேன். உங்க வெற்றிக்கு வாழ்த்துகள்" என்று கோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தோற்றவர்தானே ஜெயித்தவரை அழைத்து வாழ்த்தவேண்டும், அதற்கு ஒத்திகை. என்னைப் பார்த்ததும், "நீ டெட்மரா இருந்து பதில் சொல்லு" என்றாள். "நன்றிங்க ஜோலீன்" என்றேன். "இவ்வளவு பணிவா பேசமாட்டாருடி" என்று சிரித்தாள்.

"நீ ஜெயிப்பேன்னு நெனச்சுட்டு இருந்தேம்மா."

"நானா? உங்க மாமா கட்சியையா? கோழிக்கே தெரியும்டி" என்றாள். தீனியை இறைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "பச்ச கோட்ட போட்டுக்கோ. இனிமே வாசல்லயே எறக்கிவிடறேன். அவன் என்கிட்டயும்தான் பேசறான்" என்றாள். வெளியே வந்து கூண்டின் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

அதனால் மேலே எழுதியது எல்லாம் ரத்து. நீங்கள் யார் கதவையும் தட்டவேண்டாம், டெட்மர் ஐயா தூங்கியே ஜெயிக்கட்டும், உங்கள் ஓட்டையும் அவருக்கே போடுங்கள். நீங்கள் தட்டவேண்டியது எங்கள் கதவு ஒன்றைத்தான். இது கிடைத்த அன்றே மூன்றரை மணிக்கு வந்து எங்கள் சமையலறையில் உட்காருங்கள். அம்மாவோடு பேசக்கூட வேண்டாம். ஃபோன் அடித்தால் மட்டும் எடுத்து, "ஆர்ரின் ஹாகன் பேசறேன், யாருப்பா அது?" என்று கேளுங்கள். இந்த மாவட்டத்தில் உங்கள் குரல் தெரியாதவர்கள் யாரும் இல்லை.