நான்கு எலுமிச்சம்பழங்களும் ஒரு முக்கோண எஞ்சினும்

மாரண்டஹள்ளி மாநகராளும் விதைக்கடை வேந்தே, நகக்கண்ணில் கிரீசும் நெஞ்சினில் பிடிவாதமும் நீங்காத மாதேஸ்வர மாவீரா, நின் புகழ் பாடத் துணிந்த எம் நா தடுமாறாது காத்தருள்க! பிஸ்டன் எனும் ஏறியிறங்கும் ஏவலர் கூட்டத்தை அறவே ஒழித்து, முக்கோண உருளைகள் இரண்டைச் சுழலவிட்டு, பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்தே பருகும் செந்நிறச் சப்பானியக் கார் எனும் பந்தயத்தேரை, மூடி உறங்கும் முகப்பு விளக்கு இரண்டில் ஒன்று மட்டுமே கண் திறக்கும் அக்கிழட்டுத் தேரை, லாரியேற்றிக் கொணர்ந்து, புளிமூட்டைக்கென எழுப்பிய கொட்டகையில் நிறுத்தி, நான்காண்டு அதனோடு மல்லுக்கட்டிய பெருமை நினதே!

புளிமூட்டைகள் படுக்கையறைக்குக் குடிவந்த நாள்முதல் பொறுமை காத்தவர் அவருடைய மனைவி வெண்மதி. ஆயுதபூசைக்கு ஒரு வாரம் முன்னர் அப்பொறுமை முடிந்து, பிரகடனம் பிறந்தது.

“பூசையன்னிக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெப்பேன். தானா ஓடி நசுக்குச்சின்னா வூட்ல இருக்கட்டும். தள்ளுனீங்க, இழுத்தீங்கன்னா, மக்யா நாளு விடிஞ்சதுமே காயலான் கடைக்குங்க.”

பூசை நாளும் புலர்ந்தது. தேர் ஒரே முறுக்கில் உயிர்பெற்றது. கழுவிக் குளிப்பாட்டும் ஆவலில் வீரர் அதை வாசலுக்கு நான்கடி நகர்த்தி, உடனே அணைத்தார். இவ்வகை எஞ்சினைச் சூடேறுமுன் அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கி மறுபடி பற்றாது என்பதை அத்தாலுகாவிலேயே அறிந்த ஒரே மானிடர் அவர்தாம். அவரேதாம் அணைத்தார்.

கனிகள் நான்கும் சக்கரத்தடியில் களம்புகுந்தன. சாவி திரும்பியது. தேர் இருமியதேயன்றி எழவில்லை. பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பன், மாலை சூடிய டிராக்டரில் படைத்துணையாக வந்திறங்கினார்.

“கயிறு இருக்குது மாதேசு! ஒரே இழுப்பு!”

“தொடாதீங்கண்ணா! அது சொந்தமாத்தான் போவணும்!”

மீட்சிக்கு வழி ஒன்றே. பிளக்குகள் நான்கையும் கழற்றி, தேங்கிய பெட்ரோலை வெளியேற்றி, துளைதோறும் கரண்டி ஆயில் விட வேண்டும். பிளக் ஸ்பானரோ, சந்தனமும் குங்குமமும் தரித்து, சாமி படத்தின் முன்னே பூசையில் அமர்ந்திருந்தது. பூசைக்கு வைத்ததை மறுநாள்வரை எடுக்கலாகாது. நஞ்சப்பன் வீட்டு ஸ்பானரும் அவ்வாறே. ஊரின் ஆயுதமெல்லாம் கடவுளின் காவலில் இருக்க, மாவீரர் வெறுங்கையராய் முன்சக்கரத்தருகே குந்தினார். அவருக்கு அழுகை வந்தது. நான்காண்டு விடுமுறை நாள்களெல்லாம் அந்த வண்டிக்குள்தான் போயிருந்தன.

வெண்மதி சற்று நேரம் அவரையே பார்த்தார். பின் உள்ளே சென்று, குங்குமம் கலையாத ஸ்பானரோடு திரும்பினார்.

“சாமிகிட்ட நான் பேசிக்கறேன். புடிங்க.”

அக்கணமே மூண்டது பெரும்போர்! பெட்ரோல் பம்பின் பியூசைப் பிடுங்கி, பிளக்குகள் நான்கையும் சிறையெடுத்து முறத்திலிட்டு வெயிலில் உலர்த்தி, சாவியை முறுக்கமுறுக்க, துளைகள் நான்கும் பெட்ரோலைப் பீய்ச்சியடித்து நஞ்சப்பனின் புதுவேட்டியை நனைத்தன. தாளிப்புக் கரண்டியால் துளைதோறும் ஆயில் வார்க்கப்பட்டு, பிடுங்கியவை யாவும் மீண்டும் பூட்டப்பட்டன. முதல் முறுக்கு வீண். இரண்டாம் முறுக்கில் பேட்டரி ஈனசுரம் பாட, டிராக்டரின் பேட்டரி உயிர்ப்பிச்சை ஈந்தது. மூன்றாம் முறுக்கில், விண்ணதிர மண்ணதிரக் கோழிகள் திசைக்கொன்றாய்ச் சிதறியோட, தெருவையே விழுங்கிய வெண்புகை மண்டலத்தின் நடுவே, இடைவிடா உறுமலோடு எழுந்தது செந்தேர்! எழுந்து, நகர்ந்து, கனிகள் நான்கையும் சாறும் சக்கையுமாக்கிற்று! எஞ்சின் முழுதாய்ச் சூடேறும்வரை அணைக்காமல் காத்திருந்த வீரரின் கன்னத்தில் ஆயிலும் கண்ணீரும் கலந்து வழிந்தன. புகைக்குள்ளிருந்து இருமியபடி வெண்மதி தீர்ப்பளித்தார்: “சரி, இருந்துட்டுப் போவட்டும் வுடுங்க!”

பிறகு, பொரி வாங்க மறந்துவிட்டதால், இருவரும் ஸ்கூட்டியில் கடைக்குப் போனார்கள்.