மூச்சு நோட்டும் மூன்றாவது மாடியும்

அவர் மூச்சை உள்ளே இழுத்தால் ஜன்னல் திரை அவர் பக்கம் சாயுமாம். நுரையீரல் மறுவாழ்வு வகுப்பின் வரவேற்பு மேசைப் பெண் சொன்னதாக மருந்துக்கடைக்காரர் சொன்னார். திரை சாய்ந்ததை நேரில் பார்த்தவர் யாருமில்லை.

வாசகரே, 'கட்டம் நிரப்பி' என்கிற இனம் இப்படித்தான் புகழடைகிறது. செய்ய வேண்டியதைத் தவிர, செய்ததற்கான எல்லா அத்தாட்சியும் இவரிடம் இருக்கும்.

நம்முடைய கட்டம் நிரப்பி ஓய்வுபெற்ற ஆலை மேற்பார்வையாளர். நாள்பட்ட நுரையீரல் நோய். கைக்குள் அடங்கும் ஒரு கருவியைக் கொடுத்து, வாயில் வைத்து, உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்கை எதிர்த்து மூச்சை இழுக்கச் சொன்னார்கள். காலையில் முப்பது, மாலையில் முப்பது, எட்டு வாரம். இழுத்ததும் நோட்டில் அன்றைய கட்டத்தில் ஒரு டிக். கருவி சவரச் சாமான்களோடு அலமாரிக்குள் போனது. நோட்டு மட்டும் கூடவே இருந்தது. முப்பது வருடம் அடுத்தவர்களின் கள்ளப் பதிவுகளைக் கண்டுபிடித்தவருக்கு, நல்ல கள்ளப் பதிவு எப்படி இருக்கும் என்று தெரியாதா? ஒரு நாள் நீல மை, ஒரு நாள் கறுப்பு, செவ்வாய்க்கிழமை மேல் ஒரு சொட்டு டீ, நம்பும்படி நடுவில் ஒரு 'தலைவலி, இருபதுதான்' என்று, வகுப்புக்குப் புறப்படும் முன் ஒரே மூச்சில் வாரம் முழுவதையும் முடித்துவிடுவார். கை ஓடுகிற வேகத்தில் அடுத்த வாரத்துக்கும் சில நாள்.

பயிற்சி தரும் பெண் நோட்டைப் பார்த்துப் பூரித்தாள். “பிரமாதம் சார். இன்னும் ஒரு சுத்து இறுக்கிடலாம்.”

இறுக்கினாள். வகுப்புக்கு மட்டும் வெளியே வரும் அந்தக் கருவியின் ஸ்பிரிங்கை வாராவாரம் இறுக்கினாள். மூச்சின் பலத்தை அளந்து பார்க்கிற நாளில் மட்டும் அவருக்குத் தவறாமல் சளி பிடித்தது. ஆறாவது வாரம், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். ஸ்ட்ரா வைத்துச் சுவரை உறிஞ்சுவது போலிருந்தது. அதற்குள் வகுப்பில் அவர் பாதி ஆசிரியர். பாவம், உண்மையாகவே இழுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளைத் திருத்தினார்: “வயித்துலேருந்து இழுங்கம்மா. தோளை ஏன் தூக்குறீங்க, அது என்ன பண்ணுச்சு உங்களை?”

சங்கடம் மகள் ரூபத்தில் வந்தது. அவளுக்கு மூன்றாவது மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது, இரண்டு மாதக் குழந்தை. தாத்தா இன்னும் பார்க்காத குழந்தை. கீழே தூக்கி வருகிறேன் என்று எத்தனையோ முறை சொன்னாள். அவர் நோட்டைக் காட்டினார். “எட்டு வாரம் முடியட்டும்மா. நானே ஏறி வந்து தூக்கிக்கிறேன்.”

முடிந்தது. ஏறினார். இரண்டாவது மாடியில், யாரோ வீட்டுச் செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்துவிட்டார். மேலே குழந்தை அழுவது கேட்கிறது. மடியில் நோட்டு, இன்றைய கட்டத்தில், போன வாரமே எழுதியது, நீல மையில்: 'மூன்று மாடி. நிற்காமல்.' சட்டைப் பையில் கைபேசி அடிக்கிறது. மகள்தான். எடுத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வா என்று சொன்னால் போதும். அதற்கு ஒரு மூச்சு வேண்டும். கொஞ்சம் வெட்கங்கெட்ட மூச்சாக இருக்க வேண்டும்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் நடைப்பயிற்சி, உப்புக் குறைப்பு என்று உங்களிடமும் ஒரு நோட்டு இருக்குமே, அதில் நாளைய கட்டம் காலியாக இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை. இங்கே கைபேசி மணி இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.