ஜாபர் வீட்டுப் பின்சுவர்

முகம்மது மீரானின் வலது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. வாரம் பூராவும் ராணுவக் குடியிருப்பில் செங்கல் அடுக்கிய கை. ஞாயிற்றுக்கிழமையாவது அதை மடியில் போட்டு வைக்கலாம் என்றால், பூனா போபோடியில் ஜாபர் சாதிக் வீட்டுப் பின்சுவர் விடுவதாக இல்லை. போன ஞாயிறு செங்கல்களுக்கு நடுவிலுள்ள சந்துகளில் அவன் அடைத்த சாந்து, விரல் விரலாக உடைந்து சுவரடியில் கிடந்தது.

"பார்த்தீரா வே," என்றார் ஜாபர் சாதிக். கட்கி பஜாரில் லுங்கிக் கடை வைத்திருப்பவர். கடையநல்லூரை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் கோபம் வந்தால் ஊர்ப்பேச்சுதான் வரும். "இது சுவரா, பல்லு போன கிழவன் வாயா?"

"நல்லாத்தான் அடைச்சேன் மொதலாளி."

"நல்லா அடைச்சது நிக்கணும்லா?"

"சாரல் அடிச்சிருக்கும்."

"பூனா மழை என் வீட்டுப் பின்னாடி மட்டுந்தான் பெய்யுதோ?"

மீரான் உளியை எடுத்தான்.

அது அடுப்படிச் சுவர். ஒற்றைக்கல் கனம். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ சிக்கனமாகக் கட்டியது. உள்ளேயும் பூச்சு இல்லை, வெளியேயும் இல்லை. செங்கல் என்னவோ கெட்டிதான். இடையிலிருந்த சுண்ணாம்புச் சாந்து மக்கிப்போய், நகத்தால் கீறினால் மாவாகக் கொட்டியது. மழைக்காலத்தில் உள்ளே ஈரம். அடுப்பு எரிந்தால் வெளியே புகை. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சாந்து அடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் வேலைக்குத்தான் மீரான் ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தான்.

அந்தப் பக்கத்துத் தமிழ்க் கொத்தனார்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அடைத்த சந்து அந்த மழைக்காலத்துக்குள் உதிர்ந்தால், அடைத்தவனே வந்து கூலி வாங்காமல் மறுபடி அடைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் மணலும் சுண்ணாம்பும் மதியச் சோறும் தர வேண்டும். முதல் நாளே மீரான் இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தான். அதுவரை எவரும் அவனைத் திரும்பக் கூப்பிட்டதில்லை.

ஜாபர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலையைக் கண்காணிக்கிறாராம்.

"குடிப்பீரோ?"

"அந்தப் பழக்கமே கிடையாது."

"சீட்டு?"

"தெரியாது."

"பின்ன சாந்து ஏன் நிக்கல? ஊர்ல யாரு இருக்கா?"

"யாருமில்ல. வாப்பாவும் உம்மாவும் மவுத்தாகி ரொம்ப நாளாச்சு."

"கட்டினவ?"

"கட்டவே இல்ல."

"இந்த வயசு வரைக்குமா?"

மீரான் சுத்தியலை நிறுத்தினான். "மொதலாளி, சாந்துக்கும் சம்சாரத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"வேலை செய்யுதவன் எப்படிப்பட்ட ஆளுன்னு தெரிய வேண்டாமா? அது போகட்டும். வந்த புதுசுல என்னைய அண்ணேன்னு கூப்பிட்டீரு. இப்ப எப்படி மொதலாளி ஆனேன்?"

சுத்தியல் உளியை விட்டுக் கட்டைவிரலில் விழுந்தது.

காரணம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஜாபரின் தங்கை அக்தர் பானு. புருஷன் பம்பாயில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டாள். ஆனால் சந்து விட்ட சுவர் குரலை எப்படித் தடுக்கும்? அந்தக் குரலைக் கேட்ட நாளிலிருந்து மீரானுக்கு அண்ணே என்ற சொல் வாயில் வரவில்லை. ஜாபர் அண்ணன் என்றால் அவள் தங்கை ஆகிவிடுவாளே. ஆகவே அவரை மொதலாளி ஆக்கினான். அவர் மனைவி சைனபை மட்டும் அக்கா என்றான். அக்காவின் நாத்தனாரைக் கட்டிக்கொள்ளலாம், முறைதான்.

இவ்வளவு தூரம் கணக்குப் போட்டவனுக்கு மேலே யோசிக்கத் தைரியம் இல்லை. பெண் கேட்டுப் போகப் பெரியவர்கள் யாருமில்லை. சுண்ணாம்பு தின்று வெடித்த கை. ஒரே அறையில் நாலு பேரோடு கால் முடக்கிப் படுக்கிறவன். லுங்கிக் கடைக்காரரின் தங்கையை எந்த முகத்தோடு கேட்பது?

ஜாபர் டீ குடிக்க எழுந்து போனதும் சுவர் பேசியது.

"மேஸ்திரி, தள்ளி நில்லுங்க. பொகை உங்க மேலதான் வருது."

"பரவாயில்ல."

"இருமிக்கிட்டே பரவாயில்லைங்கீங்க." உள்ளே ஊதுகுழல் ஒருமுறை ஊதி ஓய்ந்தது. "கண்ணுல சுண்ணாம்பு தெறிச்சா என்ன செய்வீங்க?"

"தேங்காண்ணெ விடுவேன்."

"யாரு விடுவா?"

"நானேதான்."

"உங்க கண்ணுக்கு நீங்களே விட்டா பாதி எண்ணெ கன்னத்துலல்லா போகும்."

மீரான் சாந்தை அள்ளி அந்தச் சந்தை அடைத்தான். அடைக்க அடைக்கக் குரல் மெலிந்துகொண்டே போனது. கடைசிச் சந்தும் மூடிய பிறகு, உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம் பக்கத்துத் தெருவில் விழுந்த மாதிரி கேட்டது. நல்ல வேலை. தன்னுடைய நல்ல வேலையை அவன் அவ்வளவு வெறுத்தது கிடையாது.

அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் சாந்து மறுபடி மண்ணில்.

'ஆழமாகச் சுரண்டவில்லை, அதுதான் பிடிக்கவில்லை' என்று முடிவு செய்து உளியை உள்ளே விட்டு ஓங்கி அடித்தான். ஒரு செங்கல் உள்பக்கம் நகர்ந்தது. அதில் முளை அடித்துத் தொங்கவிட்டிருந்த பலகை சரிந்தது. பலகையில் இருந்த எலுமிச்சை ஊறுகாய் ஜாடி தரையில் விழுந்தது.

சைனபு கையில் ஜாடியின் காதோடு பின்பக்கம் வந்தாள். "தம்பி, சுவத்தை ஒட்டத்தானே சொன்னோம்?"

"எலி வேலைக்கா இது. எலி குடைஞ்சு குடைஞ்சு கல்லையே ஆட்டி வச்சிருக்கு."

"எலியா?" சைனபு சுவரைப் பார்த்தாள், சமையலறைப் பக்கம் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மீரான் பஜாரில் பெரிய எலிப்பொறி ஒன்று வாங்கி வந்து, கருவாட்டுத் துண்டு வைத்து, சுவரடியில் இலை தழை போட்டு மறைத்து வைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எலிக்குத் தெரிந்துவிடும் என்று அவனோடு வேலை செய்கிற மராத்திக்காரர் சொல்லியிருந்தார்.

மறு ஞாயிறு பொறி அடித்திருந்தது. அதில் எலி இல்லை; கருவாடு அப்படியே இருந்தது. சாந்து மட்டும் போயிருந்தது. ஜாபர் அன்றைக்கு மிகவும் சிடுசிடுப்பாக இருந்தார். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

"விரல்ல என்ன மொதலாளி?"

"கடைப் பலகை நசுக்கிட்டு. உம்ம வேலையப் பாரும். செலவு போக மாசம் என்ன மிஞ்சும் உமக்கு?"

"எலிப்பொறி வாங்குத அளவுக்கு."

"கிண்டல் வேண்டாம் வே. கேட்டதுக்குப் பதில் சொல்லும்."

மீரான் உள்ளதைச் சொன்னான். ஜாபர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சாந்து நிற்காததற்கு இவர் என் வருமானத்தை விசாரிக்கிறாரே, நஷ்டஈடு கேட்கப் போகிறாரோ என்று மீரான் பயந்தான்.

அந்தப் பயத்தில்தான் அடுத்த தப்பைச் செய்தான். ஆடிய இடத்தில் செங்கல்களை மொத்தமாகப் பிரித்து எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடுவது என்று இறங்கினான். ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்ட நேரம் பார்த்து வானம் கொட்டியது. அடுப்பு அணைந்தது. மாவுப் பானையில் தண்ணீர். ஜாபர் குடையைப் பிடித்துக்கொண்டு இரானி ஓட்டலுக்குப் போய் எல்லோருக்கும் பன் வாங்கி வந்தார்.

"கெடுத்தீரே வே குடியை," என்று மீரானுக்கும் ஒரு பன்னை நீட்டினார்.

ஓட்டையை மறைக்க மீரான் சாக்குப் படுதா கட்டினான். ஒரு முனை காற்றில் பறந்தது. அதை இழுத்துப் பிடிக்க உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. மாவு ஒட்டிய விரல்கள். வளையல் இல்லாத மணிக்கட்டு. சூடு பட்ட பழைய தழும்பு ஒன்று. படுதா ஓரத்தை ஆணியில் மாட்டிவிட்டுக் கை உள்ளே போய்விட்டது. மழை அவன் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அங்கேயே நின்றான்.

அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வேறொரு சந்தேகமும் வந்து உட்கார்ந்தது. எலியும் இல்லை, மழையும் இல்லை. தன் கைதான் கள்ளம் செய்கிறதோ? மறுபடி வர வேண்டும் என்ற ஆசையில் அது தனக்கே தெரியாமல் மணலைக் கூட்டிச் சுண்ணாம்பைக் குறைக்கிறதோ? ராணுவக் குடியிருப்பில் அவன் அடைத்த சந்தில் ஆணி இறங்காது. இங்கே மட்டும் ஏன்? ஆசைப்பட்ட கை கலக்கிய சாந்து எப்படி நிற்கும்? கூலிக்காரனுக்குக் கைதான் மானம். அது போய்விட்டால் பிறகு என்ன இருக்கிறது?

பூனாவுக்கு வெளியே தளேகாவில் புதிதாக ஆலை கட்டுகிறார்கள், அங்கேயே தங்கி வேலை செய்யக் கொத்தனார் வேண்டும் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். மீரான் சரி என்று சொல்லிவிட்டான். சிமெண்ட் பர்மிட்டில் கிடைக்கும் காலம். அவரிடமே கெஞ்சி ஒரு டின் வாங்கிக்கொண்டு கடைசியாக ஒரு ஞாயிறு போபோடிக்கு வந்தான்.

"தளேகாவா?" ஜாபர் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அங்க எதுக்கு வே?"

"கூலி கூட. இனி ஞாயித்துக்கிழமையும் வர முடியாது. அதான் இன்னைக்கு சிமெண்டுல அடைச்சிட்டுப் போறேன்."

"சிமெண்ட் வேண்டாம்."

"ஏன் மொதலாளி?"

"பழைய செங்கலுக்கு சிமெண்ட் ஆகாது, ஓரம் வெடிச்சிரும்னு நீருதானே சொன்னீரு?"

"சொன்னேன். கல்லு வெடிக்க நாளாகும். அதுவரைக்கும் ஒரு பய அசைக்க முடியாது."

 ஜாபர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். உள்ளே அவரும் சைனபும் அடித் தொண்டையில் சண்டை போடுவது கேட்டது. "நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றது அவர் குரல். கூலியில்லாமல் இத்தனை நாள் வந்தவனைத் திட்டக் கூச்சப்படுகிறார் என்று மீரான் எடுத்துக்கொண்டான்.

பிரித்த கல்லைக் கட்டி முடித்து, கீழேயிருந்து வரிசை வரிசையாகச் சந்து அடைத்துக்கொண்டு வந்தான். மணிக்கட்டு வீங்கிவிட்டது. முகத்துக்கு நேராக ஒரே ஒரு சந்து மிச்சம் இருக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தளேகாவுல சோறு யாரு போடுவா?"

"ஓட்டல்தான்."

"ஓட்டல் சோறு பிடிக்குமா?"

"பிடிக்காது."

"அப்ப ஏன் போறீங்க?"

மீரான் கரண்டியில் இருந்த சிமெண்டைப் பார்த்தான். கேட்க ஒரு வார்த்தை இருந்தது. 

"வேலை," என்றான்.

"இந்தச் சந்தையும் அடைக்கணுமா?"

"அடைக்கலேன்னா வேலை முடியாதே."

"முடியாட்டி என்ன?"

கரண்டியில் சிமெண்ட் இறுகத் தொடங்கியது. இறுகிய பிறகு அது எதற்கும் ஆகாது. மீரான் அடைத்தான். கட்டைவிரலால் அழுத்தி, ஈரத்துணியால் துடைத்து, வழவழவென்று முடித்தான். காதைச் சுவரில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

சாமான்களைக் கழுவிச் சாக்கில் கட்டிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தான். ஜாபர் கதவருகில் நின்றார்.

"நல்லா அடைச்சாச்சா?"

"ஆமா மொதலாளி. இனி உதிராது."

"உதிராதா?"

"உளி வச்சு அடிச்சாலும் உதிராது."

"நாசமாப் போச்சு," என்றார் ஜாபர். கதவைச் சாத்திக்கொண்டார்.

மீரான் தெருமுனை வரை நடந்தான். கட்கி ஸ்டேஷனில் தளேகாவ் வழியாகப் போகும் லோனாவ்ளா வண்டி ஊதியது. அதைப் பிடிக்க ஓட வேண்டும், கால் ஓடவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான். சைனபு முக்காட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"தம்பி, சாந்தை நோண்டின மாதிரி சிமெண்டை நோண்ட எங்க வீட்டுக்காரருக்குத் தெம்பில்ல, எந்தச் சந்தை நோண்டணும்னு வாரா வாரம் அவருக்குக் காட்டிக் குடுத்தவளும் அடுப்பை மூட்டாம உக்காந்துட்டா, பொண்ணு வீட்டுக்காரங்க நாங்க எப்படி முதல்ல வாய் திறக்குறது, பொண்ணைக் கேக்குற அந்த ஒரு வார்த்தையை நீங்கல்லா எங்களுக்கு இன்னும் பாக்கி வச்சிருக்கீங்க."