மாதிரி பார்க்கும் மகாபிரபு

மனிதர்களில் கொடுப்பவர், கொடுக்காதவர் என்று இரண்டே இனம்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், ஒருவரை விட்டுவிட்டீர்கள். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். கொடுக்கப்போகிறவர். அவருக்கு மனசு உண்டு, பணம் உண்டு, ஏழைகள் என்றால் கண்ணில் தண்ணீரே வந்துவிடும். ஒரே ஒரு தயக்கந்தான். கொடுப்பதற்கு முன்னால் ஒரு மாதிரி பார்த்துவிட வேண்டும்.

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். காலணாவுக்குக் கடலை வாங்க வந்து, அரையணாக் கடலையை வாயில் போட்டுப் பார்த்து, ‘வறுவல் பத்தாது’ என்று நகர்ந்து போகிறவர் இவர்தான். தீபாவளிக்கு முதல் நாள் வெடிக்கடையில் உட்கார்ந்து, இருபது வெடி உள்ள கட்டில் பத்தொன்பதைக் கொளுத்திப் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, “இது வெடிக்குமா?” என்று கேட்கிறவரும் இவரே. கெட்ட மனிதரா? சத்தியமாக இல்லை. கெட்டவராக இருந்தால் ‘போ’ என்று ஒரே சொல்லில் சொல்லி நம்மைப் பிழைக்க விட்டிருப்பார்.

எங்கள் சிவகாசியில் இந்த இனத்துக்குத் திலகம் போல விளங்கியவர் ஊர்க்காவலன். காகித வியாபாரி. ‘ஏழை மாதர் கைத்தொழில் உதவிச் சபை’ என்று ஒன்று வைத்து, தாமே தலைவராகவும் இருந்தார். அவரையும் சேர்த்துச் சபையில் ஏழு பேர். ரயிலடிக்குப் பின்னால் குடிசைகளில் இருக்கும் பெண்களுக்குத் தொழில் வைத்துக் கொடுப்பது நோக்கம். நோக்கம் பிரமாதமாக இருந்தது. போர்டுகூட எழுதி மாட்டியாகிவிட்டது.

நயா பைசா வந்த மறு வருஷம், ஆடி மாதம், அந்தக் குடிசைப் பெண்கள் முப்பது பேர் சேர்ந்து சபைக்கு ஒரு மனுப் போட்டார்கள். மனுவை எழுதிக் கொடுத்தவர் தேவமணி டீச்சர். முன்னால் நின்றவள் மாடத்தி. பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிறவள். விஷயம் இதுதான். தீபாவளியோடு சீசன் முடிந்து கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள். தை வரைக்கும் அடுப்பில் பூனை தூங்கும். அந்த மூன்று மாதமும் பல்பொடி செய்து விற்கலாம். அதற்கு முந்நூறு ரூபாய் வேண்டும். தீபாவளிக்குள் கைக்கு வர வேண்டும்.

“பேஷ்! அருமையான யோசனை!” என்றார் தலைவர். “ஒரு மாதிரி கொண்டாங்க, பார்ப்போம்.”

பெண்கள் ஆளுக்கு நாலணாப் போட்டுக் கிராம்பும் கடுக்காயும் படிகாரமும் வாங்கி, விடிய விடிய இடித்து, அச்சாபீஸில் கழித்துப்போட்ட வெடி லேபிள் தாளில் பொட்டலம் மடித்துக் கொண்டுவந்தார்கள். பொட்டலத்தின் மேல் ‘எட்ட நின்று கொளுத்தவும்’ என்று இருந்தது. தலைவர் துணிச்சல்காரர். எட்ட நிற்காமலே ஒரு வாரம் பல் விளக்கினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பொட்டலத்தை வச்சு என்னத்தச் சொல்ல முடியும், டீச்சரம்மா? சபையில ஏழு பேர் இருக்கோமே!”

ஏழு பொட்டலம் வந்தது. ஆண்பிள்ளைப் பல் வேறு, பெண்பிள்ளைப் பல் வேறு என்று கண்டுபிடித்தார்கள். ஏழு வீட்டு அம்மாக்களுக்கும் போயிற்று. பிறகு பால்பல் விழாத குழந்தைகளுக்கு. பிறகு மல்லாங்கிணற்றில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு, அந்த ஊர் உப்புத் தண்ணீரில் பொடி எப்படி என்று பார்க்க. பிறகு தலைவருடைய மாமியாருக்கு. அந்த அம்மாளுக்கு ஒரு பல்கூட இல்லையே என்கிறீர்களா? ஈறுக்கு எப்படி இருக்கிறது என்று யார் பார்ப்பது?

கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி என்றார் தலைவர். “மழையில பொடி கட்டி புடிக்குதான்னு மட்டும் பார்த்துட்டா முடிச்சிரலாம்.”

வெடி காய வேண்டும், மழை வந்துவிடக் கூடாது என்று முதலாளிகள் எல்லாக் கோயிலிலும் வேண்டிக்கொண்டிருந்த அந்தப் புரட்டாசியில், அவர்களிடம் கூலி வாங்கிய முப்பது பெண்கள் மட்டும் ‘பெய்யேன்’ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மழை வரவில்லை. தீபாவளி வந்துவிட்டது. கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். கையிலிருந்த கிராம்பெல்லாம் மாதிரியிலேயே தீர்ந்துபோயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஏழு பேரின் பல்லையும் பிடுங்கிச் சபை வாசலில் மாதிரிக்கு வைத்திருப்பேன்.

மாடத்தி அப்படிச் செய்யவில்லை. டீச்சரைக் கூட்டிக்கொண்டு சபைக் கூட்டத்துக்குப் போனாள். ஏழு பேரும் பளிச்சென்று சிரித்தார்கள்.

“மொதலாளி, நீங்க சொல்றதுதான் சரி. மாதிரி பாக்காம எதுலயும் எறங்கக் கூடாது. நாங்கதான் அவசரப்பட்டுட்டோம்.”

“அப்படிச் சொல்லு!” தலைவர் பூரித்துப்போனார்.

“நாங்களும் அந்த முந்நூறு ரூபாயைக் கண்ணால பாத்ததில்ல. எங்களுக்கு ஒத்துக்கிடுமோ என்னமோ! மாதிரிக்குக் கொஞ்சம் குடுத்தீகன்னா பாத்துட்டுச் சொல்லிருவோம்.”

“எம்புட்டு?”

“ஒரு ரூபாயை வச்சு என்னத்தச் சொல்ல முடியும், மொதலாளி? முப்பது பேர் இருக்கோமே!”

தலைவர் வாயைத் திறந்தார். மாதிரி பார்ப்பது தப்பு என்று அந்த வாய் அதுவரை சொன்னதில்லை. இப்போதும் சொல்ல வரவில்லை. மற்ற ஆறு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையிலிருந்து முப்பது ரூபாயை எண்ணி வைத்தார்.

மறு வாரம் மாடத்தி திரும்பி வந்தாள். “ரூபா நல்லாத்தான் இருந்துச்சு. கிராம்புக் கடைக்காரரு ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டாரு. ஆனா விஸ்வநத்தத்துக் கடையில செல்லுமான்னு பாக்கணும்.” முப்பது ரூபாய். அதற்கு அடுத்த வாரம் விருதுநகரில் செல்லுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. கார்த்திகையில் ஒருவழியாக மழை பெய்தது. நனைந்த நோட்டு தாங்குமா என்பதையும் பார்க்காமல் விட முடியுமா? பொங்கலுக்குள் பத்து மாதிரி பார்த்து முடித்தாள். அதற்குள் ரயிலடிப் பல்பொடி விருதுநகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. முப்பது வீட்டிலும் பொங்கல் பொங்கியது.

சபையின் தீர்மானப் புத்தகத்தில் அந்த மனு இன்றைக்கும் பரிசீலனையில்தான் இருக்கிறது. யாராவது விசாரித்தால் ஊர்க்காவலன் மனம் நொந்து சொல்கிறார்: “நான் குடுக்கத் தயாராத்தான் இருக்கேன். அந்தப் பொம்பளைகதான் இன்னும் மாதிரி பாத்துக்கிட்டிருக்காக!”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பத்திரிகைக் கடை வாசலில் நின்றபடியே முதல் வரியிலிருந்து இந்த வரி வரைக்கும் வாசித்துவிட்டீர்கள். ‘பரவாயில்லை, இன்னும் ஒரு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம்’ என்று விரல் தாளின் ஓரத்துக்குப் போகிறது. கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். கடைக்காரர் வெகுநேரமாக உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.