தட்டிக்கு அந்தப் பக்கம்

"மொதல்ல நீங்க குடிங்க," என்றாள் ஞானம்.

செபாஸ்தியான் மனைவியின் கட்டிலருகே மிக்சர் மருந்து பாட்டிலோடு நின்றான். மூன்று நாளாக அவளுக்குக் காய்ச்சல். மூன்று நாளாக ஒரு சொட்டு மருந்தும் உள்ளே போகவில்லை. உதடு வெடித்து, கண் உள்ளே போய்க் கிடந்தவளைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை. போன ஞாயிறு செஞ்சி டூரிங் டாக்கீசில் பார்த்தார்கள். படத்தில் ஒருவன் சீக்காளி மனைவிக்குத் தினமும் பால் கொடுக்கிறான். அவள் அதில் விஷம் என்கிறாள். கடைசியில் செத்தும் போகிறாள். அவன் கொன்றானா, அவளுக்குத்தான் புத்தி பேதலித்ததா என்று சொல்லாமலே வணக்கம் போட்டுவிட்டார்கள். கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி. இந்தப் பக்கத்து ஆண்கள் அத்தனை பேரும் அவள் பைத்தியம் என்றார்கள். அந்தப் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் அவன் கொலைகாரன் என்றார்கள். அன்றிலிருந்து ஊரில் பல வீடுகளில் பேச்சுவார்த்தை இல்லை.

செபாஸ்தியான் ஒரு வாய் குடித்துக் காட்டினான்.

"படத்துலயும் அவன் இப்டித்தான் குட்ச்சிக் காட்டுனான்." ஞானம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூடப் பிறந்தவளாவது கை கொடுப்பாள் என்று தன் அக்கா சவரியம்மாளைக் கூட்டிவந்தான். அவளும் படம் பார்த்தவள் என்பதை மறந்துவிட்டான்.

"அக்கா, நீயே சொல்லு. நான் அப்டிப்பட்டவனா?"

சவரியம்மாள் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "அவனும் பாக்க நல்லவனாத்தாண்டா இருந்தான்."

மருந்தைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

அடுத்து கொட்டகை ஆபரேட்டர் கரீமைக் கெஞ்சி அழைத்துவந்தான்.

"பாய், நீங்க தெனம் பாக்குறீங்க. அவன் கொல்லலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பொய் சொல்ல வராது எனக்கு. இருக்கறது ஒரே மிஷினு. ரீல் மாத்தறப்பல்லாம் ஆம்பளைங்க பீடி குடிக்கப் பூடறீங்க. திரும்ப வர்றதுக்குள்ள அவன் பால்ல இன்னாவோ கலக்கிடறான். சக்கரையா வெசமான்னு எனக்கே தெரியல."

"ஏசுவே!" என்று ஞானம் அலறினாள். சவரியம்மாள் உலக்கையோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் காய்ச்சல் ஏறி ஞானம் பிதற்றத் தொடங்கினாள். செபாஸ்தியான் கண்ணைத் துடைத்தபடி காலி பாட்டிலோடு டாக்டர் வீட்டுக்கு ஓடினான். அங்கே கம்பவுண்டர் சுந்தரமூர்த்தி, "படத்துல அந்தப் பொம்பளைக்குத்தாம்மா புத்தி சரியில்ல" என்று வரிசையில் நின்ற பெண்களோடு மல்லுக்கு நின்றுகொண்டே பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார்.

வீட்டில் உலக்கை குறுக்கே நீண்டது.

"நீ பூட்டா நான் யாருக்குடி இருக்கறது?" செபாஸ்தியான் பாட்டில் தக்கையைப் பிடுங்கினான். "ஒரு வாய் குட்ச்சா நம்ப மாட்ட இல்ல? பாரு!"

பாட்டிலை அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தான். தொண்டை எரிந்தது. மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சமாளித்து நின்றான்.

ஞானம் மெல்ல எழுந்து உட்கார்ந்து வெகுநேரம் அவனையே பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நம்பறேங்க. எனக்கும் வாங்கியாங்க, குடிக்கறேன்."

சவரியம்மாள் உலக்கையைச் சாத்திவைத்தாள். கல்யாணத்தன்றுகூட செபாஸ்தியான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினான்.

எதிரே சுந்தரமூர்த்தி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த ஞானத்தைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார்.

"நல்லவேளை, தங்கச்சி குடிக்கல! ஜாடி மாறிப்போச்சு செபாஸ்தியான், அது உள்ள போனா ஆளு தேறாது."