ஸ்லைடு சார் தலையாட்டுகிறார்

மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்க, சமையலறை வாசலில் ஈரமே படாத கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, கிண்ணத்துக்கு முன்னால் கரண்டியைத் தேய்த்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று விளக்கும் மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். நாற்பதைத் தாண்டியபின் பல்கலைக்கழக மாலை வகுப்பில் சேர்ந்து வணிக மேலாண்மை படிக்கும் இனம் அது. தோளில் புதுப் பை, சட்டைப் பையில் கலர் கலராகப் பேனா, வாயைத் திறந்தால் "அடிப்படையில பாத்தா" என்றொரு தொடக்கம். இருட்டில்கூட அடையாளம் கண்டுவிடலாம்.

நம்மவர் பகலில் டைல்ஸ் கிடங்கொன்றில் மேற்பார்வையாளர். எந்தப் பேச்சிலும் "அடுத்த ஸ்லைடுக்கு வருவோம்" என்று சொல்லிச் சொல்லி, அவருக்கு ஸ்லைடு சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. முன்பெல்லாம் லாரியிலிருந்து பெட்டி இறக்குகிறவர்கள் "சார், எங்க வைக்க?" என்றால் கையைக் காட்டுவார். இப்போது, "உங்க கருத்து என்ன?" என்று திருப்பிக் கேட்கிறார். எல்லாரையும் கலந்து முடிவெடுக்கும் நிர்வாக முறையாம். முடிவு வரும்வரை பெட்டி அவர்கள் தோளில்.

வீடு மட்டும் தப்புமா? வீட்டு வேலைகளைத் திட்டமிடல், செயல்படுத்தல் என்று இரண்டாகப் பிரித்தார். திட்டமிடலைத் தானே ஏற்றுக்கொண்டார். குளியலறைக் குழாய் ஒழுகியபோது, அதன் மூல காரணத்தை அலசி மீன்முள் மாதிரி ஒரு படம் வரைந்து குழாய்க்குப் பக்கத்திலேயே ஒட்டினார். குழாய் இன்னும் ஒழுகுகிறது. படம்தான் நனைந்து விழுந்துவிட்டது.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களோடு இருந்துவிட்டு, வாயை மூடவே தெரியாத ஒருவரிடம் திரும்பி வருகிறாள். அங்கே நிர்வாகி நாற்காலி காலியாகப் போகிறது. "ஒரு டிப்ளமோ மட்டும் முடிச்சுடு, அந்த நாற்காலி உனக்குத்தான்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்தது. கணவர் படிக்கும் அதே பல்கலைக்கழகம், அதே துறை. வகுப்பு திங்களும் வியாழனும் மாலையில். அந்த இரண்டு நாளும் அவருக்கு வகுப்பு கிடையாது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளோடு அவர் வீட்டில் இருந்தால் போதும். 'இருப்பேன்' என்று ஒரு வார்த்தை. அது கிடைத்ததா?

முதல் முறை கேட்டபோது, "இதை அகலமான பார்வையில பாக்கணும்மா" என்றார். இரண்டாம் முறை நாலு கட்டம் போட்டு, பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று தலைப்பிட்டு, ஆபத்துக் கட்டத்தில் 'ராத்திரிச் சாப்பாடு' என்று எழுதிக் காட்டினார். மூன்றாம் முறை, "சம்பந்தப்பட்ட எல்லாரையும் கலந்துக்கணும்" என்று மகளை உட்காரவைத்துக் கேட்டார். மகள் யோசித்துவிட்டு, "உங்களுக்கு ஜடை பின்னத் தெரியுமாப்பா?" என்றாள். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

சேருகிறாளா இல்லையா என்று மறுநாள் மதியத்துக்குள் பல்கலைக்கழக அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அன்று மாலைதான் ஸ்லைடு சாருக்கு வகுப்பிலிருந்து ஒரு பயிற்சி வந்து சேர்ந்தது. வாடிக்கையாளர் ஒருவரைப் பேசவிட்டு, குறுக்கிடாமல், வாதாடாமல், பதில் சொல்லாமல் காது கொடுத்துக் கேட்டு, நிறைவேறாத அவர் தேவை ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். கேட்கும் அழகுக்குத்தான் மதிப்பெண். ஆகவே கேட்பவர் முகம் தெரியும்படி வீடியோ எடுக்க வேண்டும்.

"வாம்மா, உக்காரு. நீதான் வாடிக்கையாளர். பொருள், பாத்திரம் கழுவுற சோப்பு."

"கழுவி முடிக்க விடுங்க."

"கழுவுறப்ப என்ன குறை இருக்குன்னுதான் கேக்குறேன். மனசு விட்டுச் சொல்லு. நான் வாயே திறக்க மாட்டேன்."

"நெசமாவா?"

உதட்டில் விரலை வைத்துத் தலையாட்டினார். செல்போன் டம்ளரில் சாய்ந்தபடி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படியொரு அமைதி அந்த வீட்டில் இருந்ததில்லை.

"சோப்புல ஒரு குறையும் இல்லீங்க. எனக்குத்தான் படிக்கணும். திங்களும் வியாழனும் சாயங்காலம் நீங்க வீட்டுக்கு வந்து பாப்பாவைப் பாத்துக்குவீங்களா?"

ஸ்லைடு சார் கண்ணை அகல விரித்து, மெதுவாக, ஆழமாகத் தலையாட்டினார். வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஆட்டல் அது. பேசுகிறவருக்கு அது தெம்பு கொடுக்குமாம்.

"ராத்திரிச் சமையலையும் பாத்துக்குவீங்களா?"

ஆட்டினார்.

"அப்புறம் அடுத்த ஸ்லைடுன்னு மாத்திப் பேச மாட்டீங்களே?"

அதற்கும் ஆட்டினார். புருவத்தைக்கூடக் கொஞ்சம் உயர்த்தினார்.

வீடியோவை நிறுத்திய கையோடு தாளை எடுத்து எழுதினார்: 'வாடிக்கையாளருக்கு நேரம் போதவில்லை. சீக்கிரம் நுரைக்கும் சோப்பு தேவை.'

"பிரமாதம்மா. ரொம்ப ஆழமான பதில்."

மனைவி அவர் செல்போனை எடுத்து வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். அவள் குரல் ஒவ்வொன்றாகக் கேட்க, திரையில் பெரிதாய், தெளிவாய், நல்ல வெளிச்சத்தில், பூம்பூம் மாடு மாதிரி ஒரு தலை ஆடி ஆடிச் சம்மதித்தது.

"அது... அது பயிற்சிக்காக ஆட்டுனது."

அவள் தன் செல்போனில் அலுவலகத்துக்கு 'சேருகிறேன்' என்று அனுப்பிவிட்டு எழுந்தாள்.

"இரு, அவசரப்படாத. அடிப்படையில பாத்தா, திங்கக்கெழமை நான் என்ன சமைக்கிறது? எனக்கு அரிசி எங்க இருக்குன்னே தெரியாதே?"

அவள் நின்றாள். கண்ணை அகல விரித்தாள். மெதுவாக, ஆழமாக, தெம்பு கொடுக்கும்படி தலையை ஆட்டினாள். அறையை விட்டுப் போய்விட்டாள்.

சிரிக்கிறீர்கள். நாம் மேலாண்மையே படித்ததில்லை, நமக்கென்ன என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும். சற்றுமுன், நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் வந்து ஏதோ கேட்டாரே. கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினீர்களே. எதற்குச் சம்மதித்தீர்கள்? நிமிர்ந்து பார்க்காதீர்கள். அவர் அப்போதே போய்விட்டார்.